நைனா கீழே ஊற்றச் சொன்ன பீர்

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தார். செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் போகும் வழியில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஆலை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு உயரமான தொட்டிகளும் காலி பாட்டில் பெட்டிகளும்தான் தெரியும். காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் ஊர் முழுக்க அவித்த தானிய வாசனை வரும். புதிதாக வந்தவர்கள் யார் வீட்டிலோ கல்யாணத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்களா என்று கேட்பார்கள்.

தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நைனாதான். பாட்டில் கழுவும் பிரிவில் சேர்ந்து, பிறகு பீர் புளிக்கும் தொட்டிகள் இருந்த கூடத்துக்கு மாறினார். ஒருமுறை ஆலையில் எல்லாரையும் உட்காரவைத்து ஆளுக்குச் சில கண்ணாடி டம்ளர்களைக் கொடுத்து, எது மற்றதிலிருந்து வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். நைனாவின் மூக்கு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அவருக்கும் சேர்த்து. அதிலிருந்து ஓய்வு பெறும்வரை ருசி பார்க்கும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வந்த பீரை முதலில் மோந்து, பிறகு ஒரு வாய் குடித்து, சரி அல்லது தப்பு என்று சொல்ல வேண்டும். பீரின் கசப்பு தொண்டையில்தான் முழுதாகத் தெரியும் என்பதால் துப்பவும் முடியாது, விழுங்க வேண்டும்.

அந்த ஒரு வாய்க்காக எங்கள் வீடு தனி மாதிரி நடந்தது. நைனா பற்பசை வைக்க மாட்டார், உப்புதான். காலையில் காபி கிடையாது. சட்னி இல்லாமல் வெறும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் கிளம்பும்வரை அம்மா எதையும் தாளிக்கக் கூடாது, தலையில் மல்லிகை வைக்கக் கூடாது. நாங்கள் பவுடர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும்.

ஆலைக்கு வெளியே நைனா ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் நாங்கள் போகும் கிறிஸ்தவ சபையில் அவரைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. நல்ல மனுஷன்தான், வேலைதான் இப்படி ஆகிவிட்டது என்று பாஸ்டர் வருத்தமாகச் சொன்னாராம். அம்மாவுக்கு அது பெரிய குறை. கேட்பவர்களிடமெல்லாம் கூல்டிரிங்ஸ் கம்பெனி என்றே சொல்லிவந்தாள். என்னைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை அந்த வழியாகப் போகும்போது ஆலையைக் காட்டினேன். கூல்டிரிங்ஸ் நல்ல உயரமான தொட்டியில் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஓட்டினார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

என்னை என் ஐ.டி. கம்பெனி ஜெர்மனிக்கு, மியூனிக் நகரத்துக்கு அனுப்பியது. அதுவரை நான் பீர் குடித்ததில்லை. போன முதல் வாரத்திலேயே கூட வேலை பார்த்தவர்கள் மரத்தடியில் நீளமான பெஞ்சு போட்ட ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கோதுமையில் செய்த பீர் என்று கலங்கலாக ஒன்றை உயரமான கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து வைத்தார்கள். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதும் பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது. அதற்குப் பின்னால் கிராம்பு. எனக்கு அது பிடித்திருந்தது என்பதைவிட, நைனாவிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது என்பதுதான் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் போனில் சொன்னேன். 

"வாழப்பழமா? நல்லா மோந்து பாத்தியாம்மா?"

"ஆமா நைனா. எல்லாரும் அதுக்காகவே வாங்கிக் குடிக்கறாங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆலையில் வாழைப்பழ வாசனை வந்தால் தொட்டியில் எங்கோ சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். கிராம்பு வாசனை வந்தால் வெளியிலிருந்து வேறு ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை வாழைப்பழ வாசனை வருகிறது என்று நைனா சொல்ல, ஒரு தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்று செய்த பீர் நேற்றுச் செய்த பீரைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. புதிதாக ஏதாவது தெரிந்தால் அது தப்பு. அத்தனை வருஷமும் அவர் குடித்தது ஒரே ஒரு பீர்தான்.

"அப்ப நான் கீழ ஊத்தச் சொன்னது இன்னாம்மா?" என்று கேட்டார்.

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொல்லிவிட்டார். "அங்க அது வரணும்னே போட்றான். இங்க அதுவா வந்துட்ச்சி. ரெண்டும் வேற." சொல்லிவிட்டாரே தவிர, அவர் மனம் அதில் அடங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். வாழைப்பழம் என்றால் எந்தப் பழம், பூவனா ரஸ்தாளியா என்று கேட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்களுக்கு இந்தப் பேச்சுதான். அம்மா சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். எங்கே போனாலும் அந்த ஊர் பீரைத் தேடிக் குடிப்பது எனக்கு வேலையாகிவிட்டது. செக் நாட்டில் பில்சன் என்ற ஊரில் பொன்னிறப் பீர் ஒன்றில் லேசாகப் பால்கோவா வாசனை வந்தது. நைனா சிரித்தார். ஆலையில் தப்பு என்று அந்த வாசனை அவரிடம் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறது. அயர்லாந்தில் தீயவிட்ட பார்லியில் செய்த கறுப்புப் பீர். பெல்ஜியத்தில் கூரை ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றில் வரும் கிருமிகளைத் தொட்டியில் விழவிட்டு, வருஷக்கணக்கில் புளிக்கவைக்கும் பீர் ஒன்று. அதைச் சொன்னபோது நைனா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். குழாயைக் கொதிநீர் விட்டுக் கழுவிக் கழுவிக் கை வெந்துபோன மனிதர் அவர். ஒரு தூசி உள்ளே விழக் கூடாது என்று வாழ்நாள் எல்லாம் பார்த்தவரிடம், ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள் என்று சொன்னால் என்ன செய்வார்.

"ஒரு வாட்டி பாக்கணும்மா," என்றார் மெதுவாக. "குடிக்க வாணாம். மோந்து பாத்தா போதும்."

ஓய்வு பெற்றதும் கூட்டிப்போவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகாவது இந்தச் சனியனை விட்டுத் தொலைக்கக் கூடாதா என்று கேட்டாள். பிறகு, அங்கே பெரிய பெரிய சர்ச்சுகள் இருக்கின்றன என்று நைனா சொல்லிச் சொல்லி அவளை இளக்கினார். பாஸ்போர்ட் வந்தது. விசா வந்தது. இரண்டு பேருக்கும் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் குளிர்கோட்டு வாங்கினார்கள். அந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார் நைனா. எந்த ஊரில் எதை முதலில் மோந்து பார்ப்பது என்பதுவரை பேசி முடித்திருந்தோம். அப்போதுதான் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. நான் மியூனிக்கில், அவர்கள் இங்கே.

அடுத்த வருஷம் கோடையில் நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் மூக்கில் குழாயோடு கிடந்தார். நான் போன் திரையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்து வந்தார். அது போதும் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு குறைந்துபோனது. நான் பீரைப் பற்றி எடுத்தால், ம், ம் என்று கேட்டுக்கொள்வார், கேள்வி எதுவும் வராது. களைப்பு என்று நினைத்தேன். பயணம் போவதைப் பற்றிக் கேட்டால் கால் வலிக்கிறது என்பார்.

மியூனிக் வேலை முடிந்து நான் கூடுவாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே சில பாட்டில்களைச் சுற்றிக் கொண்டுவந்தேன். கோதுமைப் பீர், பெல்ஜியத்தின் புளிப்புப் பீர், இன்னொன்று பாம்பெர்க் என்ற ஊரின் பீர். அங்கே தானியத்தை விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் நான் நைனாவிடம் போனில் சொன்னதே இல்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

நைனாவின் படாளத்து வீட்டில் பாட்டிலைத் திறக்க அம்மா விட மாட்டாள். அதனால் மாமல்லபுரத்தில், ஊரைத் தாண்டிக் கடலோரம் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். கணவர் எங்களை இறக்கிவிட்டுக் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மீன் வறுவலோடு சாப்பாடு முடிந்தது. அம்மா தலை நிறைய மல்லிகையோடு நைனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓய்வு பெற்றவருக்குப் பூ என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் கோதுமைப் பீரை ஊற்றினேன். நைனா டம்ளரைச் சாய்த்து, நுரையை வெளிச்சத்தில் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பழைய ஆள் மாதிரியே இருந்தது. "ஆமாம்மா, வாழப்பழம். நீ சொன்ன மாரியே கீது," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, பாம்பெர்க்கின் புகைப் பீரைத் திறந்தேன். மூடியை எடுத்ததுமே அறை முழுக்க வாசனை பரவியது. நல்ல பழுப்பு நிறம். நைனா அதையும் சாய்த்துப் பார்த்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார்.

"காபிக்கொட்ட வாசன," என்றார். "நல்லா வறுத்துகிறான்."

நான் அவரையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நிறத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். அது தப்பு என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். டம்ளரை மேஜையில் வைத்தார்.

"எப்பலேர்ந்து நைனா?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து. ஒண்ணுமே தெர்லமா. தண்ணியும் இதுவும் ஒண்ணுதான். ஜில்லுனு கீது, கசக்குது, அவ்ளோதான்."

"ஏன் சொல்லல?"

"நீ அங்கேந்து ஆசையா சொல்லிகினு இருந்த. இன்னான்னு சொல்றது?"

அம்மாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவள் அதிர்ந்துபோய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து குழம்பு அடிப்பிடித்த வாசனை, மீன் கவிச்சை என்று இந்த மனுஷன் ஒரு குறை சொன்னதில்லை. கர்த்தர் இவருக்கு நல்ல புத்தி கொடுத்துவிட்டார் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். "வாயத் தொறந்து சொல்லிருக்கலாம் இல்ல," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நைனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டில்களை மூடி வைத்துவிடலாம் என்று எழுந்தேன். அப்போது அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புகைப் பீர் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள். என் வாழ்நாளில் அம்மா கையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. குடிக்கவில்லை. மூக்குக்கு நேராகப் பிடித்து ஆழமாக இழுத்தாள்.

"கருவாடு சுடற வூட்டாண்ட நிக்கற மாரி கீது," என்றாள்.

நைனா திரும்பினார். "கருவாடா, பொகையா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

அம்மா மறுபடி மோந்தாள். "மொதல்ல பொக. சவுக்க வெறகு எரியற பொக. அப்பறம்தான் கருவாடு." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஒருமுறை மோந்தாள். "கடேசில வெல்லம் காயுது."

நைனா டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. புளிப்புப் பீரையும் அம்மாதான் மோந்தாள். ஈர வைக்கோல், மாட்டுக் கொட்டாய், நேற்றைய சோற்றுத் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இதையா காசு கொடுத்துக் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். நைனா சிரித்துவிட்டார். அன்றைய சாயங்காலத்தில் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

செங்கல்பட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் தைலம் என்று தினமும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். சிலருக்குத் திரும்ப வரும், வந்தாலும் முன்போல் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நைனா ஒழுங்காகச் செய்தார். பல மாதம் கழித்து ஏதோ கொஞ்சம் வந்தது, ஆனால் மாறி வந்தது. காபி மண்ணெண்ணெய் மாதிரி, வெங்காயம் அழுகினது மாதிரி. எதையும் நம்ப முடியவில்லை என்றார். இல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. புதுச்சேரியில் பீரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு கடை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை நைனாவைக் கூட்டிப்போனேன். தவக்காலம் என்பதால் அம்மா வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் தாண்டியும் நைனா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். கடையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று சின்னத் தொட்டிகள். ஆலையில் மாடி உயரத் தொட்டிகளைப் பார்த்தவருக்கு இவை அண்டா மாதிரி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போகலாமா என்று கேட்டார். அங்கே பீர் காய்ச்சுகிறவர் முப்பது வயதுக்காரர், மரியாதையானவர். நைனா எங்கே வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப்போனார். நைனா தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். புளிப்பு எத்தனை நாள், குளிர் எப்போது கொடுப்பீர்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் தள்ளி நின்றேன். இத்தனை வருஷத்தில் நைனா தன் வேலையைப் பற்றி ஒரு வெளியாளிடம் தலை நிமிர்ந்து பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது அந்த இளைஞர் ஒரு தொட்டியிலிருந்து கொஞ்சம் பிடித்து நைனாவிடம் நீட்டினார். "இதுல ஏதோ ஒண்ணு சரியில்ல சார். எனக்குப் புடிபடல. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க."

நைனா வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் கை தானாகச் சாய்த்தது. மூக்குவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"மூக்கு போயிட்ச்சி தம்பி," என்றார். "காய்ச்சல்ல."

டாக்டரைத் தவிர ஒரு வெளியாளிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக டம்ளரை வாங்கி மோந்தேன். "பால்கோவா மாதிரி வருது நைனா," என்றேன். ஒரு நிமிஷம் அவர் கண்ணில் அந்தப் பழைய ஆள் வந்தார். முன்னால் வருகிறதா, விழுங்கின பிறகு வருகிறதா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது சொல்லுங்கள் சார், உங்கள் அனுபவத்தில் என்ன தோன்றுகிறது என்று அந்த இளைஞர் கேட்டார். நைனா தலையை ஆட்டினார்.

"நான் மோக்காம சொல்லக் கூடாதுப்பா. தப்பா சொன்னா ஒரு தொட்டி பூடும்."

அந்த இளைஞரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே வந்தார். ஊற்றி வைத்திருந்ததைக் குடிக்கவில்லை.  திரும்பி வரும் வழியில், கல்பாக்கம் தாண்டியதும் ஒருமுறை மட்டும், நல்ல பையன், கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்கிறான் என்றார்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பாட்டிலையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கவில்லை. மூக்கு இருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே பீர். உலகத்துப் பீரெல்லாம் கிடைக்க ஆரம்பித்தபோது மூக்கு இல்லை. யார்மேலும் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் முன்னால் அந்த விமானம் கிளம்பியிருந்தால் என்று நினைப்பேன். அந்த நினைப்பு எங்கேயும் போய்ச் சேராது.

இந்த வருஷம் கம்பெனி என்னை மறுபடி மியூனிக் நகரத்துக்குக் கொஞ்ச நாளைக்கு அனுப்பியது. சும்மா ஊர் பார்க்கவாவது வாருங்கள் என்று நைனாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேண்டாம்மா, குளிர் ஒத்துக்காது என்று முடித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. நைனாதான். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். சாப்பிட்டியா, குளிரு ஜாஸ்தியா, எப்ப வர என்று கேட்டார். பின்னால் டம்ளர்கள் இடிக்கும் சத்தமும் சிரிப்பும் அவருக்குக் கேட்டிருக்கும். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மதுராந்தகம் பக்கம் நல்ல மழை, ஏரி நிரம்பி வழிகிறது என்றார். நான் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பேசி முடித்துப் போனை வைத்தபோது என் முன்னால் இருந்த பீரில் நுரை முழுக்க அடங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அறைக்கு நடந்தேன்.